பன்னிரண்டரை மணிக்குப் பிறகு

(மழலையர் வகுப்புச் சேர்க்கைப் பருவத்தில், புறநகர் நூலகம் ஒன்றில் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

கடைசி வரிசையில் சுவரோரம் உட்கார்ந்திருக்கும் ஆயாம்மாக்கள் கொஞ்சம் முன்னால் வந்து உட்காருங்கள். இன்றைய பேச்சில் பாதி உங்களைப் பற்றியதுதான்.

ஜூன் மாதத்து எல்.கே.ஜி. வாசலை நான் வர்ணிக்க வேண்டியதில்லை. கேட்டுக் கம்பியை இறுகப் பிடித்திருக்கும் குழந்தை, அதன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்கும் ஆயாம்மா, மதில் ஓரமாகத் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் அப்பா, இதையெல்லாம் செல்போனில் பிடிக்கும் சித்தப்பா. சாயங்காலத்துக்குள் அந்த வீடியோ குடும்ப வாட்ஸ்அப் குழுக்களைச் சுற்றி வந்துவிடும். காலை அழுகைக்கு நம்மிடம் அவ்வளவு பெயர். அதைத் தாண்டிப் பன்னிரண்டரை மணிக்குப் பிறகு அந்த வகுப்பறைக்குள் என்ன நடக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. நான் அதைத்தான் பேச வந்திருக்கிறேன்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூன்றரை வயதுக் குழந்தை. பள்ளி ஒன்பது மணிக்கு என்றால், வேன் எட்டு மணிக்கே தெருமுனைக்கு வந்துவிடும். மூன்றரைக்கு மணி அடித்தாலும், வேன் எல்லாத் தெருக்களையும் சுற்றி வீட்டு வாசலில் இறக்கிவிட நாலரை ஆகும். எட்டரை மணி நேரம். அப்பா அலுவலகத்தில் இருக்கும் நேரமும் ஏறக்குறைய அதுதான். அவருக்கு இடையில் இரண்டு டீ உண்டு.

வேறு ஊர்களில் எப்படி? அயர்லாந்தில் தொடக்கப்பள்ளியின் நாளே 5 மணி 40 நிமிடம். அதிலும் முதல் இரண்டு மழலை வகுப்புகளை ஒரு மணி நேரம் முன்னதாகவே வீட்டுக்கு அனுப்பலாம். பின்லாந்தில் குழந்தைக்கு ஏழு வயது நிறையும் ஆண்டில்தான் பள்ளி. அதற்கு முந்தைய ஆண்டு முன்பருவ வகுப்பு. அது ஆண்டுக்குக் குறைந்தது 700 மணி நேரம், நாளுக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரம். மீதி நேரத்துக்குக் காப்பகம் தேவைப்படும் குழந்தைகள் அங்கும் ஏராளம். ஆனால் அங்கே காப்பக நேரம் காப்பக நேரமாகவே இருக்கிறது. யாரும் அதில் நோட்டுப் புத்தகத்தைத் திறப்பதில்லை.

நம்மிடம் இந்த வயதுக்கு எத்தனை மணி நேரம் என்று உறுதியாகச் சொல்ல ஆளில்லை. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 6 வயதிலிருந்து 14 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கானது. அதற்குக் கீழே உள்ளவர்களைப் பற்றி 11-ஆம் பிரிவில் ஒரு வாக்கியம் இருக்கிறது: அரசு முன்பருவக் கல்விக்கு ஏற்பாடு செய்யலாம் என்று. செய்ய வேண்டும் என்று அது சொல்லவில்லை. 2020-இன் தேசியக் கல்விக் கொள்கை மூன்று வயதிலிருந்தே பேசுகிறது. விளையாட்டு வழியே கற்றல் என்றும் சொல்கிறது. ஆனால் பல தனியார் பள்ளிகளில் எல்.கே.ஜி. எத்தனை மணிக்கு முடிய வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது கொள்கையும் இல்லை, குழந்தையும் இல்லை. வேன் எத்தனை நடை ஓடும் என்ற கணக்கு. மூன்றாம் வகுப்பு அண்ணனுக்காக நாலு வயதுத் தங்கை மூன்றரை வரை காத்திருக்கிறாள்.

பெரும்பாலான குழந்தைகள் முற்பகலைச் சில வாரங்களில் சமாளித்துக்கொள்கிறார்கள். பொம்மை இருக்கிறது, பாட்டு இருக்கிறது, பக்கத்தில் இன்னொரு குழந்தையின் அழுகையை வேடிக்கை பார்க்கலாம். மதியத்துக்குப் பிறகு மூன்று காரியங்கள் ஒன்றாக வந்து சேர்கின்றன: சாப்பாடு, கழிப்பறை, தூக்கம். மூன்றும் உடம்பு சம்பந்தப்பட்டவை. மூன்றையும் அதுவரை அம்மாவோ பாட்டியோ கூட இருந்து செய்து கொடுத்திருக்கிறார்கள்.

முதலில் சாப்பாடு. நம் வீட்டுக் குழந்தை மூன்று வயதுவரை பெரும்பாலும் ஊட்டித்தான் சாப்பிட்டிருக்கும். காக்கா காட்டி, இல்லாவிட்டால் யூடியூப் காட்டி. ஜூன் முதல் நாள் அதன் முன்னால் ஒரு டிபன் பாக்ஸ் வைக்கப்படுகிறது. நான்கு பக்கமும் கிளிப் போட்டு இறுக்கிய, அம்மாவுக்கே நகம் உடையும் பாக்ஸ். அதைத் திறந்துவிடச் சொல்லிக் கேட்கத் தெரியாத குழந்தை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவருகிறது. வீட்டில், "ஏன்டி சாப்பிடல?" என்று ஒரு விசாரணை. மே மாதத்திலேயே அந்த டப்பாவில்தான் மதியச் சாப்பாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். திறக்கவும் மூடவும் குழந்தையே பழகட்டும். கையால் எடுத்துத் தின்கிற இட்லித் துண்டு, சப்பாத்திச் சுருள், உருட்டிய தயிர்சாதம் போதும். முதல் மாதம் பாதி மிச்சம் வந்தால் வரட்டும், சாயங்காலம் ஈடுகட்டிக்கொள்ளலாம்.

கழிப்பறை இன்னும் சிக்கல். தண்ணீர் பாட்டில் நிறைந்தபடியே திரும்பி வருகிறதா என்று பாருங்கள். பல பெற்றோர் இதைத் தாகம் எடுக்கவில்லை என்று எடுத்துக்கொள்கிறார்கள். குழந்தை அதைவிடக் கெட்டி. தண்ணீர் குடித்தால் போக வேண்டிவரும், போக வேண்டுமென்றால் கேட்க வேண்டும், கேட்டால் எல்லோரும் பார்ப்பார்கள். ஆகவே குடிப்பதே இல்லை. வீட்டு வாசலில் இறங்கியதும் செருப்போடு பாத்ரூமுக்கு ஓடும் குழந்தை, காலையிலிருந்து அடக்கிக்கொண்டிருந்த குழந்தை. சில குழந்தைகளுக்கு ஃப்ளஷ் சத்தம் பயம். சிலருக்கு அந்த உயரமான கமோடு பயம், உள்ளே விழுந்துவிடுவோமோ என்று. கொக்கி வைத்த அரைக்கால் சட்டை, அதன்மேல் பெல்ட் என்றால் முடிந்தது கதை. எலாஸ்டிக் வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். எந்தப் பள்ளியும் இதற்காகச் சேர்க்கையை ரத்து செய்யாது. மூன்றரை வயதில் கழுத்தில் டை எதற்கு என்பதை மட்டும் எனக்கு இதுவரை யாரும் விளக்கியதில்லை.

மூன்றாவது தூக்கம். மூன்றிலிருந்து ஐந்து வயதுவரை உள்ள குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளுக்கு 10 முதல் 13 மணி நேரம் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016-இல் பரிந்துரைத்தது. நம் வீடுகளில் அப்பா வந்து, சாப்பிட்டு, சீரியல் முடிந்து, விளக்கணைக்கப் பத்து மணி. காலை ஆறரைக்கு எழுப்பினால் எட்டரை மணி நேரம்தான். மே மாதம்வரை இந்தப் பற்றாக்குறையைப் பாட்டி பக்கத்தில் படுத்த மதியத் தூக்கம் நிரப்பிக்கொண்டிருந்தது. ஜூனில் அந்த நேரத்தில் பெஞ்சில் உட்காரவைத்து ஸ்டாண்டிங் லைன், ஸ்லீப்பிங் லைன் போடச் சொல்கிறோம். தலை தொங்கும் குழந்தையை எழுப்பி உட்காரவைக்கிறோம். எதற்காக என்று கேட்டால், நோட்டில் பக்கம் நிறையாவிட்டால் பெற்றோர் கேட்கிறார்கள் என்று பதில் வரும். அந்தப் பெற்றோர் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

வீட்டில் இருக்கும் நாளில் மன அழுத்தத்தோடு தொடர்புடைய கார்டிசால் என்ற சுரப்பு காலையில் அதிகமாக இருந்து, போகப்போக இறங்கும். முழு நாள் காப்பகத்தில் இருக்கும் சிறு குழந்தைகள் பலருக்கு அது பிற்பகலில் இறங்காமல் ஏறுவதை மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் மேகன் கன்னரும் அவருடைய சகாக்களும் குழந்தைகளின் எச்சிலைச் சோதித்துக் கண்டார்கள். இதைக் கேட்டு யாரும் பயந்துவிட வேண்டாம். அது நோய் அல்ல, கெடுதல் நடந்துவிட்டது என்றும் பொருள் அல்ல. குழந்தையைக் கவனித்துப் பதில் சொல்லும் பராமரிப்பாளர் இருக்கும் இடங்களில் அந்த ஏற்றம் குறைவாக இருப்பதையும் பார்த்திருக்கிறார்கள். பிற்பகல் கனமானது என்பதற்கு உடம்பே சொல்லும் சாட்சி என்ற அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

"ஒரு வாரம் அழுதான், இப்ப பழகிட்டான்" என்ற வாக்கியத்துக்கு வருகிறேன். அழுகை நின்றதைத்தான் பழகியதற்கு அடையாளமாக நாம் வைத்திருக்கிறோம். 1952-இல் லண்டனில் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் ஓர் ஆவணப்படம் எடுத்தார். இரண்டரை வயதுகூட நிறையாத ஒரு சிறுமி, சின்ன அறுவை சிகிச்சைக்காக எட்டு நாள் மருத்துவமனையில் தனியாக இருக்கிறாள். பெற்றோர் விரும்பும்போதெல்லாம் வந்துபோக அன்றைய மருத்துவமனைகள் விடவில்லை. அந்தக் குழந்தை பெரிதாகக் கதறவே இல்லை. அடக்கிக்கொள்கிறாள், முகம் மட்டும் மாறிக்கொண்டே போகிறது. ராபர்ட்சன் பல வார்டுகளில் பார்த்துச் சொன்னது இது: குழந்தை முதலில் எதிர்க்கிறது, அப்புறம் நம்பிக்கை இழந்து அடங்குகிறது, கடைசியில் அம்மா வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. இரண்டாவது நிலையில் இருக்கும் குழந்தையைத்தான் ஊழியர்கள் "சமத்தாகிவிட்டது" என்று நினைத்தார்கள். படம் வந்தபோது மருத்துவர்கள் கோபப்பட்டார்கள். ஆனால் 1959-இல் பிரிட்டனில் வந்த பிளாட் குழு அறிக்கை பெற்றோரைத் தாராளமாக வந்துபோக விடச் சொன்னது.

எட்டு நாள் மருத்துவமனையும் எட்டு மணி நேரப் பள்ளியும் ஒன்றல்ல. சாயங்காலம் அம்மா வந்துவிடுகிறாள். அது பெரிய வித்தியாசம். ஆனாலும் வகுப்பில் கத்தி அழும் பையனைவிட, பையை மடியில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி, யாருக்கும் தொந்தரவில்லாமல் இருக்கும் பெண் குழந்தையைப் பார்த்தால்தான் எனக்குக் கவலை. முப்பத்தைந்து பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் அவளை யாரும் கவனிக்க மாட்டார்கள்.

அப்படியானால் பழகியதை எப்படிக் கண்டுபிடிப்பது? ஜெர்மனியில் இதற்குத் தெளிவான ஒரு முறை வைத்திருக்கிறார்கள். 1980-களில் லேவன், ஆண்ட்ரெஸ் முதலிய ஆய்வாளர்கள் உருவாக்கியது. பெர்லின் முறை என்று பெயர். பெரும்பாலும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கானது. முதல் மூன்று நாள் அம்மாவோ அப்பாவோ குழந்தையோடு வருகிறார், சுமார் ஒரு மணி நேரம் மூலையில் சும்மா உட்கார்ந்திருக்கிறார், இருவரும் சேர்ந்தே வீட்டுக்குப் போகிறார்கள். பிரிவே கிடையாது. நான்காம் நாள்தான் சொல்லிவிட்டு அறையை விட்டு வெளியே போகிறார், அதிகபட்சம் அரை மணி நேரம். அந்த நான்காம் நாள் திங்கட்கிழமையாக வந்தால் செவ்வாய்க்குத் தள்ளிவைக்கிறார்கள். வாரக் கடைசி வீட்டு வாசம் இன்னும் போயிருக்காது என்பதால். குழந்தை அழலாம். அழுதால் பராமரிப்பாளரால் தேற்ற முடிகிறதா என்று பார்க்கிறார்கள். முடிந்தால் அடுத்த நாட்களில் நேரத்தை நீட்டுகிறார்கள். சில நிமிடங்களில் முடியவில்லை என்றால் அம்மாவை உள்ளே கூப்பிட்டுவிடுகிறார்கள். அடுத்த முயற்சிக்குச் சில நாள் பொறுக்கிறார்கள். ஒரு குழந்தைக்கு ஒரு வாரத்தில் முடியும், இன்னொன்றுக்கு மூன்று வாரம் ஆகும். விடைபெறும்போது அழுகிறதா என்பது அங்கே கேள்வியே இல்லை. விழுந்து முட்டியில் அடிபட்டால் யாரிடம் ஓடுகிறது என்பதுதான் கேள்வி. பள்ளியில் இருக்கும் ஒரு பெரியவரிடம் ஓடி, அவர் தூக்கினால் அடங்குகிறது என்றால், அந்தக் குழந்தையை மதியத்துக்கு மேலும் வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் தேதி ஜூலை 15 ஆனாலும் அது இன்னும் முழு நாளுக்குத் தயாராகவில்லை.

இங்கே அந்த ஒரு பெரியவர் யார்? டீச்சர் என்று சொல்லத் தோன்றும். டீச்சருக்கு முப்பத்தைந்து பிள்ளைகள், டைரி, ரிப்போர்ட், ஆண்டு விழா. மூக்கைத் துடைப்பவர், பாக்ஸைத் திறந்துவிடுபவர், ஈரமான சட்டையை மாற்றி யாருக்கும் சொல்லாமல் பையில் மடித்து வைப்பவர், வேனிலிருந்து இடுப்பில் தூக்கி இறக்குபவர் ஆயாம்மா. குழந்தை முதலில் நம்புவது அவரைத்தான். பள்ளியிலேயே மிகக் குறைந்த சம்பளம் வாங்குபவரும் பெரும்பாலும் அவரே. சேர்க்கைக் கூட்டத்தில் அவரை மேடையில் உட்காரவைக்கும் பள்ளியை நான் அதிகம் பார்த்ததில்லை. ஜூன் மாதத்தில் அவரை மூன்று வகுப்புக்கும் பொதுவாக விடாமல், கூட்டுவதற்கும் மெழுகுவதற்கும் வேறு ஆள் போட்டு, ஒரு வகுப்பில் ஒரே ஆயாம்மா காலையிலிருந்து மாலைவரை இருக்கும்படி நிர்வாகம் ஏற்பாடு செய்தால் பாதிப் பிரச்சினை தீரும். முதல் நாளே முப்பத்தைந்து பேரையும் உள்ளே இழுக்காமல், நாளுக்கு ஏழெட்டுப் பேராகச் சேர்த்தால் அவராலும் பெயர் சொல்லிக் கூப்பிட முடியும். இதற்கெல்லாம் பெரிய செலவு ஒன்றும் இல்லை.

நல்ல அங்கன்வாடி ஒன்றை நேரில் போய்ப் பாருங்கள். 1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் மையங்கள் அவை. கட்டடத்தில் குறை இருக்கும், இடம் போதாது, எல்லாம் தெரியும். ஆனால் அது வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறது. வேன் இல்லை. தண்ணீர் பிடிக்கப் போகும் அம்மா ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம். பணியாளர், உதவியாளர் என்று அதே இரண்டு பேர். பெரும்பாலும் அதே ஊர்க்காரர்கள், குழந்தையின் பாட்டியைத் தெரிந்தவர்கள். மதியம் சாப்பாடு போட்டு, பாய் விரித்து, எல்லோரையும் படுக்கவைக்கிறார்கள். மரியா மாண்டிசோரி 1907-இல் ரோம் நகரத்தின் சான் லொரென்சோ பகுதியில் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொழிலாளர் குடியிருப்புக் கட்டடத்துக்கு உள்ளேயே திறந்தார். தாய்மார் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்பது அதன் பெருமைகளில் ஒன்று. 1939-இல் அவர் சென்னை அடையாறுக்கு வந்து பயிற்சி தந்தார். அவர் பெயரைப் பலகையில் எழுதிவைத்திருக்கும் நம் பள்ளிகளில் எத்தனை, பெற்றோரைக் கேட்டுக்கு உள்ளே விடுகின்றன?

"மேடம், ஜெர்மனிக்காரன் மூணு வாரம் லீவு போடுவான், நான் போட முடியுமா?" என்று ஒரு அம்மா மனதுக்குள் கேட்பது எனக்குக் கேட்கிறது. நியாயமான கேள்வி. 2017-இல் திருத்திய மகப்பேறு சலுகைச் சட்டம் 26 வார விடுப்பு தந்தது; 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. பிள்ளையைப் பள்ளிக்குப் பழக்க விடுப்பு என்று ஒன்றை எந்தச் சட்டமும் யோசிக்கவில்லை. பன்னிரண்டரைக்குப் பள்ளியை விட்டால் யார் கூட்டிப்போவது என்பது உண்மையான தலைவலி. அதனால்தான் முழு நாள் கேட்பவர்கள் பல நேரம் பெற்றோராகவே இருக்கிறார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். இரண்டு வாரத்தை அம்மா, அப்பா, தாத்தா என்று பங்கு பிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு வாரத்துக்கு ஒரே ஆளாக இருக்கட்டும், நாளுக்கு ஒருவர் வேண்டாம். அதுவும் முடியாதென்றால், பள்ளியிடம் கேட்க வேண்டியது வேறு: பன்னிரண்டரைக்குப் பிறகு குழந்தை அங்கேயே இருக்கட்டும், ஆனால் வகுப்பு நடத்தாதீர்கள். பாய் விரியுங்கள். தூங்காத பிள்ளைக்கு மணலும் தண்ணீரும் கொடுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை சில. ஏமாற்றிவிட்டு நழுவாதீர்கள். "அங்க பாரு குருவி" என்று காட்டிவிட்டு மறைந்தால், அன்றைக்கு அழுகை மிச்சமாகும். மறுநாளிலிருந்து குழந்தை குருவி பார்க்காது, உங்கள் முந்தானையைத்தான் பார்க்கும். சொல்லிவிட்டுப் போங்கள், சுருக்கமாக. எப்போது வருவீர்கள் என்பதை மணியில் சொன்னால் அதற்குப் புரியாது. "சாப்பிட்டு, தூங்கி எழுந்ததும் அம்மா வாசல்ல நிப்பேன்" என்றால் புரியும். சொன்னபடி நில்லுங்கள். அப்புறம், மே மாதம் முழுக்க, "சேட்டை பண்ணினா டீச்சர்கிட்ட சொல்லிடுவேன்" என்று மிரட்டிவிட்டு, ஜூனில் அதே டீச்சரிடம் சிரித்துக்கொண்டு போகச் சொல்வது என்ன நியாயம்?

இன்னொன்றும் உண்டு, பலர் இதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். பள்ளியில் தங்கம் என்று பெயர் வாங்கும் குழந்தை வீட்டுக்கு வந்ததும் ஷூவை எறியும், தம்பியைக் கிள்ளும், பிஸ்கட் உடைந்திருக்கிறது என்று தரையில் புரண்டு அழும். "ஸ்கூல்ல என்ன கத்துக்கிட்டு வர்றான் பாரு" என்று தாத்தா சொல்வார். நாள் முழுக்க அடக்கிவைத்ததை அது பத்திரமான இடத்தில் கொட்டுகிறது. அந்த நேரத்தில் "இன்னிக்கு என்ன படிச்சே?" என்று கேட்காதீர்கள். எதையுமே கேட்க வேண்டாம். ஏதாவது சாப்பிடக் கொடுத்து மடியில் போட்டுக்கொள்ளுங்கள். ஹிந்தி வகுப்பு, அபாகஸ், பரதம் எல்லாம் அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்.

பழகிய குழந்தை திரும்பவும் அழும். திங்கட்கிழமை அழும். காய்ச்சலில் நான்கு நாள் வீட்டில் இருந்துவிட்டுப் போனால் அழும். காலாண்டு விடுமுறை முடிந்து, ஆயுத பூஜைப் பொரி தின்று முடித்து, அக்டோபரில் திரும்பப் போகும்போது ஜூன் மாதம் போலவே அழும். எல்லாம் வீணாகிவிட்டது என்று எண்ணி, மறுபடி கதவைச் சாத்தி உள்ளே தள்ள வேண்டாம். இரண்டு மூன்று நாள் அரை நாளாகக் குறைத்தால் பழையபடி வந்துவிடும். டீச்சர்களும் இதை ஒரு தோல்வியாகப் பெற்றோரிடம் சொல்லாமல் இருக்கலாம்.

இந்தப் பகுதிப் பள்ளிகள் பலவற்றில் விண்ணப்பம் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். வாங்கப் போகும்போது ஸ்மார்ட் கிளாஸ் இருக்கிறதா, ஸ்கேட்டிங் இருக்கிறதா என்று கேட்பீர்கள், கேளுங்கள். கூடவே, எல்.கே.ஜி. கழிப்பறையைக் காட்டச் சொல்லுங்கள். குழந்தையின் கைக்குத் தாழ்ப்பாளும் குழாயும் எட்டுகிறதா என்று பாருங்கள். என் பிள்ளை வகுப்பில் எந்த ஆயாம்மா இருப்பார், அவர் பெயர் என்ன, ஆண்டு முழுவதும் அவரேதானா என்று கேளுங்கள். முதல் மாதம் எத்தனை மணிவரை, நேரத்தை நீட்டுவதை யார், எதைப் பார்த்து முடிவு செய்வார்கள் என்று கேளுங்கள். மதியம் ஒரு மணிக்கு எங்கே படுக்கவைப்பீர்கள் என்று கேட்டால் சில அலுவலகங்களில் உங்களை விசித்திரமாகப் பார்ப்பார்கள். ஒரே சேர்க்கைப் பருவத்தில் பத்துப் பெற்றோர் அதைக் கேட்டுவிட்டால் பாய் வாங்கிவிடுவார்கள். கேள்விகள் இருந்தால் முதலில் ஆயாம்மாக்களிடம் கேட்போம்.